செங்கமாரி வந்ததா என்ற கேள்வி

அன்புள்ள தம்பி,

உன்னுடைய கடிதம் நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. வவுனியாவில் நீ கொடுத்துவிட்டதைச் சலீம் நானா புடவைக் கட்டுகளுக்கு நடுவில் மடிப்புக் கலையாமல் வைத்துக் கொண்டுவந்திருந்தார். முல்லைத்தீவுக்குப் போகிற அவசரத்திலும் வட்டக்கச்சிக்குள் வாகனத்தைத் திருப்பி, அம்மாவின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார். என் கண்ணாடி வழக்கம்போல எங்கேயோ ஒளித்துக்கொண்டதால் அம்மாதான் முதலில் வாசித்தார். வாசித்து முடித்ததும் கடிதத்தை என் பக்கம் நீட்டி, "இந்தாங்கோ, மகன் உங்களுக்கு உத்தியோகம் தந்திருக்கிறான்" என்றார்.

தாதிப் பயிற்சிக்குப் புதிதாக வரப்போகும் பிள்ளைகளுக்கு என்னென்ன தடுப்பூசி போட வேண்டும் என்ற பட்டியலையும், அவர்கள் வீட்டில் நிரப்பிக்கொண்டு வரவேண்டிய படிவத்தையும் திருத்தி எழுதும் வேலையைப் பயிற்சிப் பள்ளிச் சிஸ்டர் உன்னிடம் தந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். "செங்கமாரி பற்றின கேள்வியை எப்படிக் கேட்டால் வீட்டுக்காரர் பிழைவிடாமல் பதில் எழுதுவினம் அப்பா? இதை நீங்கள்தான் சொல்ல வேணும்" என்று முடித்திருக்கிறாய். அந்த 'நீங்கள்தான்' என்ற சொல்லிலேயே அரை மணித்தியாலம் நின்றுவிட்டேன். பகிடியா, குத்தலா என்று பிடிபடவில்லை. "பகிடிதான். குத்திறதெண்டா அவன் ரெண்டு வருசத்துக்கு முதலே குத்தியிருப்பான்" என்றார் அம்மா. அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் நீ என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்காமலே வைத்திருக்கிறாய். அது எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்தே இதில் பதில் எழுதுகிறேன். கடிதம் நீளும். வேலை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து இருந்து வாசி.

ஊரில் எனக்கு என்ன பட்டம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 'ஏனண்ணை'. வட்டவிதானை என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களும் முதுகுக்குப் பின்னால் அதைத்தான் சொல்லுவார்கள். இரணைமடுத் தண்ணீரை இந்த வாய்க்காலில் பங்கிட்டு விடுகிற பொறுப்பு என்னிடம் வந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒருவர் ஓடிவந்து, "பயிர் மஞ்சளடிச்சுப் போச்சு, தண்ணியைத் திறந்துவிடுங்கோ" என்பார். நான், "ஏன் மஞ்சளடிச்சது?" என்பேன். அவருக்கு எரிச்சல் வரும். நான் வயலுக்குள் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பேன். தண்ணீர் இல்லாமலும் பயிர் மஞ்சளாகும், தண்ணீர் கூடினாலும் மஞ்சளாகும், பசளை குறைந்தாலும் ஆகும், பூச்சி விழுந்தாலும் ஆகும். காரணம் தெரியாமல் துருசுக் கதவைத் திறந்தால் இருக்கிற பயிரும் அழுகிப்போகும். இவ்வளவு தெரிந்த ஒரு மனுசன், தன் சொந்தப் பிள்ளையின் விசயத்தில் ஒரே ஒரு நாள் ஏன் என்று கேட்காமல் விட்டான். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முதல் உடையார்கட்டைச் சொல்ல வேண்டும். நாங்கள் வட்டக்கச்சியை விட்டு இடம்பெயர்ந்து போய் அங்கே கொட்டில் போட்டு இருந்த காலத்தில் உனக்குப் பதினான்கு வயது. எத்தனையோ குடும்பத்துக்கு ஒரே கிணறு. ஒரு நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தாய், அடுத்த நாள் தண்ணீரைக் கண்டாலும் ஓங்காளித்தாய். மூன்றாம் நாள் அம்மா உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கண் முழுக்க மஞ்சள். "செங்கமாரி" என்றார். பக்கத்துக் கொட்டில்களிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் அப்படித்தான் கிடந்தார்கள்.

அம்மா செய்தது ஒரு வேலைதான். விறகு பொறுக்கி, குடிக்கிற தண்ணீர் அவ்வளவையும் கொதிக்க வைத்தார். அதை யாரும் வைத்தியம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வைத்தியம் செய்தவன் நான்! விடியமுதல் எழும்பிக் கீழ்க்காய்நெல்லி பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, ஆட்டுப்பால் இருக்கிற வீடு தேடி நடந்து வாங்கி, அதில் கரைத்து, உன் மூக்கைப் பிடித்துப் பருக்கினேன். கொஞ்ச நாளில் கண் வெளுத்தது. நீ பழையபடி சோறு கேட்டாய். அந்தச் சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த கொட்டில்காரருக்கெல்லாம் மருந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். பிறகு வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்த பின்னும், யாருக்காவது கண் மஞ்சளானால், "என்ரை பெடியனுக்கு நான் மாத்தினனான். ஒருக்கா மாறினா இனி வராது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ அப்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரிப்பாய். பெருமையில் சிரிக்கிறாய் என்று நினைத்தேன்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகுதான் சலீம் நானா எங்களுக்குப் பழக்கமானார். முல்லைத்தீவுக்காரர், பல வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் புடவை வியாபாரம் தொடங்கியிருந்தார். ஒரு நாள் இந்த முற்றத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது நான் என் வைத்தியப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னார்: "என்ரை தம்பிக்கு ரெண்டு தரம் வந்தது விதானையார். முதல் தரம் சின்ன வயசில, முல்லைத்தீவில. ரெண்டாந்தரம் புத்தளத்தில, பெரிய ஆளாகி. அதிலதான் மௌத்தாப் போனான்."

ஏனண்ணை அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? எப்படி இரண்டு தரம் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. "முதல் வந்தது செங்கமாரியா இருந்திராது நானா" என்று சொன்னேன். "எங்கடை உம்மா சொன்னவ. அவவுக்குத் தெரியாமலிருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். தன் தம்பியின் சாவைச் சொன்ன மனுசனிடம், உன் கதை பிழை என்று சொல்லி அனுப்பினேன். என் வைத்தியம் சரியாக இருக்க வேண்டுமென்றால் அவருடைய கதை பிழையாகத்தானே இருக்க வேண்டும்.

இது நடந்து ஒரு மாதத்துக்குள் உனக்குத் தாதிப் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. அம்மா அழுதார், நான் அழாத மாதிரி நின்றேன். கடிதத்தோடு ஒரு படிவம். அதில் பெற்றோர் நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்று. நீ அன்றைக்கு வயலில் நெல்லுச் சூடடிப்பில் நின்றாய். அடுத்த நாள் சலீம் நானாவின் வாகனத்தில் படிவம் போக வேண்டும். நான் குசினி மேசையில் வைத்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். ஒரு இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி. தமிழில், 'செங்கமாரி நோய் முன்னர் வந்துள்ளதா?' என்று இருந்தது. ஆங்கில வரியின் கடைசியில் 'பி' என்ற எழுத்து தனியாக நின்றது. நான் அதைப் பார்க்காமல் விடவில்லை தம்பி, பார்த்தேன். கேள்விக்கு ஏ, பி என்று இலக்கம் போட்டிருக்கிறார்கள், அச்சடித்தவன் இடம் மாறிக் கடைசியில் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். அச்சுக்காரனின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு சின்னச் சந்தோசம் வேறு.

அதற்குக் கீழே, நோய் வராதவர்கள் ஊசி போடுவதற்காக இரத்தப் பரிசோதனைக்கு முன்கூட்டியே வரவேண்டும் என்று எழுதியிருந்தது. டொக்டர் யாரும் பார்த்துச் சொல்லாததை எப்படி எழுதுவது என்று நான் பேனையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்ததை அம்மா கண்டுவிட்டார். "சரியாத் தெரியாட்டி அங்கை ஆரையும் கேட்டு எழுதுங்கோவன்" என்றார். "கேட்டா, ஏன் கேக்கிறான் எண்டு யோசிப்பினம். பிறகு பெடியன்ரை ரத்தத்தைப் பாத்து ஏதும் சொட்டை சொல்லி நிப்பாட்டிப்போடுவினம். சும்மா இரும்" என்றேன். பிறகு எழுதினேன். 'வந்தது' என்று எழுதினால் போதும். கேட்டது அவ்வளவுதான். நான் மேலதிகமாக, 'வந்தது. மாறிவிட்டது. இனி வராது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

நீ கேட்காமல் வைத்திருக்கிற கேள்வி இதுதானே? அப்பா ஏன் அப்படி எழுதினார்? பெருமை ஒரு காரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். அது மேலே கிடந்தது. அடியில் கிடந்தது பயம். எங்கள் வீட்டிலிருந்து முதல்முதல் ஒரு பிள்ளை அரசாங்க வேலைக்குப் போகப்போகிறது. இடம்பெயர்ந்து, கொட்டிலில் படித்து, விளக்கில்லாமல் படித்து எடுத்த இடம். தெரியாது என்று எழுதினால், ஒரு சந்தேகத்தை எழுதினால், உன்னை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அதை அம்மாவிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

பிறகு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அன்றைக்குச் சலீம் நானா வழக்கம்போல ஹோர்ன் அடிக்காமல் வந்தார். வாகனத்தைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வந்தார். "பயப்பிடாதேங்கோ. தம்பி சுகமா நிக்கிறார். ஒரு வருத்தக்காரருக்கு ஊசி போட்டிட்டு மூடியைத் திருப்பிப் போடேக்க விரலில குத்திப்போட்டுதாம். அந்த மனுசனுக்குச் செங்கமாரிக் கிருமி இருக்காம். உங்களை ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம்." எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நம்பு. "அவனுக்கு அது வந்து மாறினது நானா, இனி வராது" என்று சொல்லிக்கொண்டே சிரித்தேன். சலீம் நானா சிரிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் அவருடைய தம்பியின் ஞாபகம் எனக்கு வந்தது. இரண்டு தரம் வந்த தம்பி.

வவுனியா பஸ்ஸுக்கு அடுத்த நாள்வரை பொறுக்க வேண்டியிருந்தது. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிநோயாளர் பகுதியில் ஒரு டொக்டரம்மா இருந்தார், உன் வயதைவிட ஒரு நாலைந்து கூட இருக்கும். எனக்கு முன்னால் நின்ற சனம் முடியும்வரை நின்று, உள்ளே போய், "டொக்டர், செங்கமாரி ஒருக்கா வந்தா திரும்ப வருமோ?" என்று கேட்டேன்.

"எந்தச் செங்கமாரி ஐயா?"

"எத்தினை செங்கமாரி இருக்கு?"

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இருங்கோ ஐயா" என்று கதிரையைக் காட்டினார். "மஞ்சளாகிறது கண். வருத்தம் ஈரலில. ஈரலைப் பிடிக்கிற கிருமி கனக்க இருக்கு. ஏ எண்டு ஒண்டு, பி எண்டு ஒண்டு, பிறகு சி, ஈ. எங்கடை சனம் எல்லாத்துக்கும் செங்கமாரி எண்டு ஒரே பேரைத்தான் சொல்லும்."

பி என்ற அந்த எழுத்து படிவத்தில் எங்கே நின்றது என்று எனக்கு அப்படியே கண்ணுக்குள் வந்தது. அது கேள்வியின் இலக்கம் இல்லை. கேள்வியே அதுதான். தமிழில் போட்டவர்கள் அந்த எழுத்தை விட்டுவிட்டார்கள், நான் அச்சுப்பிழை என்று நினைத்துவிட்டேன். டொக்டரம்மா தண்ணீர் எடுத்துத் தந்தார். முழுக்கதையையும் சொன்னேன். உடையார்கட்டுக் கிணற்றில் வந்தது பெரும்பாலும் ஏ என்றார். அது வாயால், அசுத்தமான தண்ணீரால் வருவது. ஒருமுறை வந்தவருக்கு அது பிறகு வராதுதான். பி வேறு. அது இரத்தத்தால் வருவது, ஊசி முனையில் ஒட்டுகிற அளவே போதும். சிலருக்கு மாறாமல் ஈரலிலேயே தங்கிவிடும். ஏ வந்தது பி-க்குக் காவல் இல்லை.

"அப்ப என்ரை கீழ்க்காய்நெல்லி?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் யாராவது அதைக் கேட்பார்களா? நான் கேட்டேன். அவர் என்னை நோகடிக்காமல் சொல்லப் பார்த்தார். "ஏ தானாகவே மாறுற வருத்தம் ஐயா. கொதிச்ச தண்ணி, சாப்பாடு, ஓய்வு இருந்தாப் போதும். கீழ்க்காய்நெல்லி குடிச்சாலும் மாறும்." உன் அம்மா விறகு பொறுக்கிக் கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் அவர் வைத்தியம் என்றார். என் மூக்கு நன்றாகவே உடைந்தது.

"நெல்லு மஞ்சளடிக்கிற மாதிரி" என்று சொன்னேன். "என்னது?" என்றார். பயிர் மஞ்சளாகிறதுக்குக் காரணம் ஒன்றில்லை, வேரைப் பார்க்காமல் மருந்து சொல்லக்கூடாது என்று என் தொழிலைச் சொன்னேன். "அதேதான் ஐயா. நீங்கள் விளங்கிக்கொண்டிட்டீங்கள்" என்றார். உனக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியாத அந்த நேரத்திலும், ஒரு விசயம் விளங்கியதில் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கேட்காமல் விட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. அதற்குள் பிள்ளையின் விரலில் ஊசி குத்திவிட்டிருந்தது.

அடுத்த நாள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டி, திரும்ப பஸ் ஏறி உன்னிடம் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. நீ கன்ரீனுக்கு முன்னால் இரண்டு கையையும் தடவிக்கொண்டு நின்றாய். கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மருந்து ஒரு கையில், தடுப்பூசி மற்றக் கையில் போட்டதாகச் சொன்னாய். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கோப்பைத் திறந்து காட்டினார். என் கையெழுத்து. 'இனி வராது.' அதற்கு நேரே ஊசிப் பகுதியில், ஊசி தேவையில்லை என்று யாரோ சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். "படிவத்திலயும் பிழை இருக்கு ஐயா, நாங்களும் கேட்டிருக்க வேணும்" என்று சிஸ்டர் பெருந்தன்மையாகச் சொன்னார். வெளியே வந்து உன்னிடம், "என்னாலதான் தம்பி. கீழ்க்காய்நெல்லியில மாத்தினனான் எண்ட திமிர்" என்றேன்.

நீ கையைத் தடவுவதை நிறுத்தினாய். பிறகு, "அப்பா, ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது" என்றாய். "அந்தச் சாறு அரைவாசியை நான் முருங்கைக்கு ஊத்தினனான். நீங்கள் அங்காலை திரும்பேக்க." எத்தனை வருடம் நீ என் பெருமையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் விளங்கியது. கன்ரீன் வாசலில் நின்று இரண்டு பேரும் விசரர் மாதிரிச் சிரித்தோம். உன் கண்ணில் பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. நீ என் பயத்தைக் குறைக்கத்தான் அதைச் சொன்னாய். தகப்பன் செய்யவேண்டிய வேலையை அன்றைக்கு மகன் நீ செய்தாய்.

பிறகு ஆறு மாதம். உன் முதல் ஊசி போட்டது காலபோகம் வெட்டுகிற நேரம். மூன்றாவது ஊசிக்குச் சிறுபோகமும் வெட்டி முடிந்துவிட்டது. அவ்வளவு காலமும் நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்க்கிற சாட்டில் உன் கண்ணைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு வா என்று வெளியே கூப்பிட்டு ஏதாவது வேலை சொல்லுவேன். நீ கண்டுபிடித்துவிட்டு, "வெள்ளையாத்தான் இருக்கு அப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாய். அந்த நாட்களில் ஒரு நாள் சலீம் நானாவிடம் போனேன். "நானா, உங்கடை தம்பிக்கு ரெண்டு தரமும் செங்கமாரிதான் வந்திருக்கு. ரெண்டும் வேற வேற வருத்தமா இருந்திருக்கும். உம்மா சொன்னது சரி. நான்தான் பிழை" என்றேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, "நீங்கள் ஏனண்ணையாச்சே விதானையார். அண்டைக்கு ஏன் எண்டு கேப்பீங்கள் எண்டுதான் சொன்னனான்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

உன் இரத்தத்தில் கிருமி இல்லை என்ற முடிவையும் அவர்தான் கொண்டுவந்தார். அந்த முறை வாய்க்கால் கட்டிலிருந்தே ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். நான் முற்றத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். அன்றிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போகும்போதெல்லாம் டொக்டரம்மாவைக் கேள்வி கேட்டே அலுப்படித்திருக்கிறேன். நீ படித்தவன், பிழை இருந்தால் திருத்து. எனக்கு விளங்கியது இவ்வளவு. பி ஊசி மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். வார்ட்டுக்குள் கால் வைக்க முதலே தொடங்க வேண்டும். முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. போட்டால் மட்டும் போதாதாம், மூன்றாவதுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தம் பார்த்து, அது பிடித்திருக்கிறதா என்று அறிய வேண்டுமாம். சிலருக்குப் பிடிக்காதாம். ஏன் பிடிக்காது என்று கேட்டேன், அதற்கு முழுப் பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. ஏ ஊசியை எல்லாருக்கும் கட்டாயமாக்கத் தேவையிருக்காது என்றார். எங்களைப் போல இடம்பெயர்ந்து பொதுக் கிணற்றில் குடித்து வளர்ந்த பிள்ளைகளில் கனபேருக்கு அது தெரியாமலே வந்து போயிருக்குமாம். நல்ல தண்ணீரில் வளர்ந்த பிள்ளைக்கு வேண்டுமானால் இரத்தம் பார்த்துப் போடலாம். சி-க்கும் ஈ-க்கும் போடுவதற்கு எங்களிடம் ஊசி இல்லை. அவற்றுக்குக் காவல், போட்ட ஊசிக்கு மூடியைத் திருப்பிப் போடாமல் அப்படியே பெட்டியில் போடுகிற கையும், அம்மாவின் கொதித்த தண்ணீரும்தான்.

கேள்விக்கு வருகிறேன். நேற்றுப் பின்னேரம் முழுக்க எழுதி எழுதிப் பார்த்தேன். 'எந்தச் செங்கமாரி வந்தது?' என்று கேட்டால், எந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? 'தண்ணீரால் வந்ததா, இரத்தத்தால் வந்ததா?' என்றால், வந்த வழியை யார் கண்டது? கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஓம், இல்லை என்ற இரண்டு பெட்டிக்குப் பக்கத்தில் 'தெரியாது' என்று மூன்றாவது பெட்டி. இதுதான் சரி என்று துள்ளிக்கொண்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தாமலே கேட்டார்: "அந்தப் பெட்டி இருந்திருந்தா நீங்கள் அதில புள்ளடி போட்டிருப்பீங்களோ?"

இல்லை தம்பி. போட்டிருக்க மாட்டேன். பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிற எந்த அப்பனும் அதில் புள்ளடி போட மாட்டான்.

ஆகவே, வாழ்நாள் முழுக்க ஏன் ஏன் என்று கேட்டு ஊரை அலுப்படித்தவன் சொல்கிறேன். அந்தக் கேள்வியை எடுத்துவிடு. செங்கமாரி வந்ததோ வரவில்லையோ, வருகிற பிள்ளை எல்லாரையும் கையை நீட்டச் சொல்லு. அறிய வேண்டியதை இரத்தத்தைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள், அப்பன்மாரைக் கேட்க வேண்டாம். கேள்வியை எடுத்தால் படிவத்தில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சும். சிஸ்டரிடம் கேட்டு, அது உண்மைதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அந்த இடத்தில் இப்படி எழுது: 'இரத்தத்தில் என்ன இருந்தாலும் உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டோம்.' அன்றைக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால், எனக்குச் சரியாகத் தெரியாது என்ற உண்மையை எழுதியிருப்பேன்.

அதைப் பெரிய எழுத்தில் போடு. கண்ணாடியைத் தொலைத்தவனும் வாசிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா